மூன்றாவது வெங்காயம்

சத்தியம்! சத்தியம்! கற்பூரத்தை ஏற்றிக் கொண்டுவாருங்கள், உள்ளங்கையில் வைத்தே அணைத்துக் காட்டுகிறேன். நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால் விழுப்புரம் ஜங்ஷனில் இனி ஒரு ரயிலும் எனக்காக நிற்க வேண்டாம். கோதண்டம் தன் வீட்டு அடுப்படியில் ஒரு முற்பகலில் இருபத்திரண்டு நிமிஷம் நின்றார். நடந்தது அவ்வளவுதான். அந்த இருபத்திரண்டு நிமிஷத்தில் அவர் மண்டைக்குள் ஓடியதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். கேட்டால் குக்கர் ஆறிப்போகும்.

காலை பத்தரை மணி. சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கோதண்டத்தின் மனைவி குணவதி வாசலில் நின்றாள். வயது ஐம்பத்தேழு. ஆர்.டி.ஓ. ஆபீசில் ஸ்கூட்டரில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கப் போகிறாள். கீழே டிரைவிங் ஸ்கூல் அம்மாள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். "குக்கர்ல பருப்பு வெச்சிருக்கேன்," என்றாள் குணவதி. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்ததால் ஸ்டேஷன் மைக்கில் அறிவிப்பது மாதிரி இருந்தது. "மூணு விசில். மூணாவது வந்ததும் அணைச்சிடணும். அவ்ளோதான். வேற எதையும் தொட வேணாம்." "ஒரு பருப்பு அணைக்கக்கூடவா எனக்குத் தெரியாது?" என்றார் கோதண்டம். "தெரியுமா தெரியாதான்னு சந்தேகம் வந்தா மேல பாத்துக்குங்க," என்று கூரையைக் காட்டிவிட்டுப் போனாள்.

கதவுச் சத்தம், படியில் செருப்புச் சத்தம், ஸ்கூட்டர் இரண்டு தடவை இருமி மூன்றாம் தடவை கிளம்பிய சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை, அடுப்பின் ஸ்ஸ் மட்டும். கோதண்டம் குக்கருக்கு ஒன்றரை அடி தள்ளி நின்றார். உட்காரக் கூடாது. உட்கார்ந்ததுதான் போன தடவை செய்த தப்பு, பேப்பரை விரித்து உட்கார்ந்தார், பேப்பரில் ஒரு ரயில் விபத்துச் செய்தி, அந்த வண்டியின் கார்டு பெயர் தெரிந்த பெயரா என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் டமார் என்று வால்வு பிய்த்துக்கொண்டு போனது. பறந்த துவரம்பருப்பு கூரையில் அப்பிக் காய்ந்து இலங்கை வரைபடமாகவே நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்துக்கு மேலே குட்டிக் குட்டித் தீவுகள்கூட உண்டு, நம்பாதவர்கள் அவர் குடியிருக்கும் அந்த இரண்டாம் மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். இரண்டு கை வெள்ளையடித்தும் இலங்கை போகவில்லை. அவள் அதற்காகத் திட்டவில்லை, அதுதான் உறுத்துகிறது. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு சொல்லியிருக்கலாம். 'கைல படலியே' என்று மட்டும் கேட்டாள், அன்றிலிருந்து கடைக்குப் போனால்கூடப் பத்து நிமிஷத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வருகிறாள். நேற்றுச் சாயங்காலம் அவள் பேசியது அவர் காதில் விழுந்தது. அவர்கள் சமையலறைக்கும் எதிர்வீட்டு மெகர்பானுவின் சமையலறைக்கும் நடுவே குழாய்கள் இறங்கும் ஒரு நாலடிச் சந்து, ஜன்னலும் ஜன்னலும் எதிரெதிர், ஊரில் உள்ள ரகசியம் முழுக்க அதற்குள்தான் இறங்குகிறது. 'கோலியனூர்ல பொம்பளைப் புள்ளைங்களுக்குத் தையல் சொல்லித்தர திங்கக்கிழமைல இருந்து வரச் சொல்றாங்க பானு. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. இவரைத் தனியா எப்படி விட்டுட்டுப் போறது? நாளைக்கு ஒரு பருப்பை நம்பி விட்டுப் பாக்கறேன். பாத்துக்கிட்டாருன்னா போறேன். இல்லன்னா வேணாம்னு சொல்லிடறேன்.' இவரை. தனியாக. முப்பத்துநாலு வருஷம் கார்டாகக் கூட்ஸ் வண்டியின் வாலில், ஒரு தகரப் பெட்டியில், பேச்சுத்துணைக்கு ஒரு பல்லிகூட இல்லாமல், காடும் பொட்டலும் கடந்து போனவனை, எண்ணூறு சதுர அடி வீட்டில் தனியாக விட முடியாதாம். அந்த முப்பத்துநாலு வருஷமும் தனியாக இருந்தவள் யார் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. காய்ச்சலில் கிடந்த பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, தையல் மிஷினையும் மிதித்துக்கொண்டு, இந்த மனுஷன் ரிட்டையர் ஆகி வரட்டும், அப்புறம் நான் என் வேலையைப் பார்ப்பேன் என்று காத்திருந்தாள். மனுஷன் வந்தார். வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பதினாலு மாசமாக எழுந்திருக்கவில்லை. ஆகவே இது பருப்பில்லை கோதண்டம், வெறும் பருப்பில்லை, அவளுடைய திங்கட்கிழமையே இதற்குள் வெந்துகொண்டிருக்கிறது என்று அவர் நினைத்த நொடியில் குக்கரின் தலையில் இருந்த வெயிட் துள்ளி எழுந்து, ஆவி பீறிட்டு, வீடே அதிரும்படி ஒரு விசில்.

ஒன்று. கண்ணால் பார்த்த விசில், சந்தேகமே இல்லை. சந்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ டக் டக் என்று ஏதோ தட்டியது. அது தினமும் தட்டுவதுதான், குழாய் சூடாகி விரிகிறதோ என்னமோ. கூடையிலிருந்து ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்து மேடையின் ஓரத்தில் வைத்தார். விசிலுக்கு ஒரு வெங்காயம். வாயால் எண்ணினால் நடுவில் ஒரு நினைப்பு வந்து எண்ணிக்கையைத் தின்றுவிடும், வெங்காயத்தை யாரும் தின்ன முடியாது. இந்த யோசனை வந்ததில் அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. பூனாவில் இருக்கும் மகள் இளவேனிலிடம் இதைச் சொல்லவேண்டும், அப்பா சும்மா இல்லையம்மா என்று. அவள் தினமும் காலையில் போனுக்கு ஒரு ரோஜாப்பூ அனுப்புகிறாள், பூவின்மேல் பனித்துளி, பக்கத்தில் 'இன்றுதான் உங்கள் வாழ்வின் மிக அழகான நாள்' என்று எழுதியிருக்கும். மறுநாளும் அதையே அனுப்புகிறாள். அப்படியானால் நேற்று? நேற்றைய நாள் மட்டமா? கேட்டால் 'அப்பா, எதையும் நல்லவிதமா பாருங்க, ஏதாவது ஹாபி வெச்சுக்குங்க' என்பாள். அவள் குரலில் அக்கறை இருக்கும், அக்கறைக்குக் கீழே பயம் இருக்கும், அதைக் கேட்டால் இவருக்கும் பயமாகிவிடும். ஹாபி. சின்ன வயதில் ஓணானுக்கு மூக்குப்பொடி போட்டதைத் தவிர ஹாபி என்று ஒன்று இருந்ததா? ஜன்னல் வழியாகத் தண்டவாளம் தெரிகிறது, போகிற வண்டிகளின் பெட்டிகளை எண்ணுகிறார், ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, கடைசியில் கார்டு வண்டி போகிறது, அதில் இப்போது ஒரு சின்னப் பையனை நிற்க வைத்திருக்கிறார்கள், வெளியே பார்ப்பதே இல்லை, போனைப் பார்க்கிறான். ஏய், வெளியே பார்ரா, உன்னைப் பார்த்துக் கையாட்ட யாராவது நிற்பார்கள் என்று இங்கிருந்து கத்தத் தோன்றும். என் விசிலை ஒரு தடவை கேட்டிருந்தால் தெரியும் இவனுக்கு, ஊதினால் மூன்று ஸ்டேஷன் தள்ளிப் புல் மேயும் மாடு தலையைத் தூக்கும், ஒருதடவை கிணற்றுத் தவளைகள் எல்லாம் மழை வந்ததென்று நினைத்து ஏறி வெளியே வந்துவிட்டன. இலங்கையைப் பார்த்தபடி அவர் இதை நினைத்துக்கொண்டிருந்தபோது விசில் வந்தது.

எங்கிருந்து? திடுக்கிட்டுக் குக்கரைப் பார்த்தார். வெயிட் ஒன்றும் அறியாததுபோல உட்கார்ந்திருந்தது. மூடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர். அது முதல் விசிலின் சொட்டா, இதன் சொட்டா? பானு வீட்டிலும் குக்கர் இருக்கிறது, கறி வேகும் வாசனை இலவங்கத்தோடு வந்துகொண்டேயிருக்கிறது, அந்தச் சந்தில் யார் விசிலடித்தாலும் நம் அடுப்பில் அடித்தமாதிரிதான் கேட்கும். இந்தத் தடவை குழாய்கூட டக் டக் என்று தட்டவில்லை. இரண்டாவது வெங்காயத்தை எடுத்தார். வைக்கலாமா? முதல் வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தால் உறுதி சொன்னமாதிரி ஆகிவிடும். கொஞ்சம் தள்ளி, சேர்ந்தும் சேராமலும் வைத்தார். வைத்துவிட்டு அதையே பார்த்தார். வெங்காயமும் அவரைப் பார்த்தது. உள்ளங்கை வேர்த்தது. இதே வேர்வை, இதே வெங்காயம். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தி, ஸ்டேஷன் பெயரைச் சொல்லமாட்டேன், அங்கே இன்னமும் என்னைக் கூப்பிட்டு டீ கொடுக்கிறார்கள். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பலகை தொங்கவேண்டும், அதுதான் வண்டிக்கு வால். வண்டி நிற்காமல் போகும்போது ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் இருக்கும் இன்ஜினைப் பார்ப்பதில்லை, பின்னால் இருக்கும் பலகையைத்தான் பார்ப்பார். பலகை போய்விட்டால் வண்டி முழுசாகப் போய்விட்டது, நடுவில் எதுவும் அறுந்து நிற்கவில்லை என்று அர்த்தம். அன்றைக்குக் குணவதியின் கடுதாசி வந்திருந்தது, பாப்பாவுக்கு முதல் பல் முளைத்துவிட்டது என்று. அதை ஒருகையில் பிடித்துப் படித்துக்கொண்டே, கஞ்சிக்குக் கடித்துக்கொள்ள வெங்காயம் நறுக்க வாகாக ஒன்றும் கிடைக்காமல், அந்தப் பலகையை எடுத்து மடியில் வைத்து நறுக்கியவர், திரும்ப மாட்டவில்லை. வண்டி போயிற்று, வால் இல்லை. மாஸ்டர் பதறிவிட்டார், பின்னால் பாதி வண்டி எங்கேயோ நிற்கிறது என்று லைன் மொத்தத்தையும் நிறுத்திவிட்டார், பின்னால் வந்த எக்ஸ்பிரஸ் நாற்பது நிமிஷம் நின்று, அதில் ஒரு மாப்பிள்ளை முகூர்த்தம் தவறி, அவருக்குப் பார்த்த பெண்ணின் தங்கையைக் கட்டி இன்று பேரன் பேத்தியோடு சௌக்கியமாக இருக்கிறார். கோதண்டத்துக்கு மட்டும் ஒரு மெமோ. அந்த மெமோவால்தான் கடைசிவரை கூட்ஸ் கார்டாகவே இருந்தார், மெயில் வண்டி கிடைக்கவில்லை. அது போகட்டும். அவருக்கு மிச்சம் இருப்பது அந்த மாஸ்டர்களின் கைதான். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், பிளாட்பாரத்தில் ஒரு ஆள் பச்சைக் கொடியோடு நிற்பார், இவரும் பச்சைக் கொடியைக் காட்டுவார், நாலே நொடி, எல்லாம் சரி, எல்லாம் சரி. இருபது வருஷம் அப்படிக் கொடிகாட்டிய ஒருவரை ஒரு கல்யாணப் பந்தியில் எதிரே பார்த்தார், யாரென்று தெரியவில்லை, அவர் ரசம் கேட்கக் கையைத் தூக்கினார், உடனே தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் இலையை விட்டு எழுந்து கட்டிக்கொண்டார்கள். இப்போது எனக்கு யார் கொடி காட்டுகிறார்கள் என்று நினைத்தபோது விசில் அலறியது, மூன்றாவது வெங்காயம் எப்படியோ கையில் வந்துவிட்டது, இன்னொரு கை அடுப்பின் திருகைப் பிடித்துவிட்டது, அணைக்கப்போனார். வெயிட் அசையவில்லை.

கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறது. அசையவில்லை. அப்படியானால் இது அந்தப் பக்கத்து விசில். உடனே, தப்பாமல், டக் டக். குழாய் இல்லை அது. குழாயாவது குழாய். இரும்புக் கம்பியில் கரண்டி படுகிற சத்தம், இதே சத்தத்தை அவர் இந்த அடுப்படியிலிருந்தும் கேட்டிருக்கிறார், நாற்காலியில் உட்கார்ந்தபடி பதினாலு மாசம் கேட்டிருக்கிறார். குக்கர் கூவியதும் குணவதி கரண்டியால் ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டுவாள். கரண்டியில் ஒட்டியதை உதறுகிறாள் என்றல்லவா நினைத்திருந்தார்! ஒட்டுவதற்குக் கரண்டியில் என்ன இருந்தது, குக்கர்தான் மூடிக் கிடந்ததே! இது என் விசில், உன்னுடையதில்லை என்கிறாள். எல்லாம் சரி என்கிறாள். முப்பத்துநாலு வருஷம் ரயில்வே எனக்குச் சொல்லிக்கொடுத்ததை, இரண்டு பெண்பிள்ளைகள் ஒரு சந்துக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்திருக்கிறார்கள், நான் அதைக் குழாய் என்று நினைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. முதல் விசில் நம்முடையது, கண்ணால் பார்த்தது. நான் தட்டவில்லை. ஆனால் அங்கே தட்டினார்கள். அப்படியானால் என் விசிலைத் தன்னுடையது என்று எண்ணியிருக்கிறாள் அந்தப் பெண். வாலில்லாத வண்டியை மறுபடியும் விட்டுவிட்டேன். நம் பருப்பு மட்டுமில்லை, அங்கே கறியும் அரைவேக்காட்டில் இறங்கப்போகிறது. கூப்பிட்டுச் சொல்லவேண்டும். எப்படிக் கூப்பிடுவது? எதிர்வீடுதான், ஆனாலும் தலையை ஆட்டியதற்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. குரல் கரகரத்தால்? கிழவன் அடுப்படியில் நின்று கத்துகிறான் என்றால்? அடுத்த விசில் எந்த நொடியும் வரலாம். ஜன்னலிடம் போனார், கம்பியைப் பிடித்தார், எப்போதோ விசிலுக்கு இழுத்த மாதிரி மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்தார்.

"பானும்மா!"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. "யா அல்லா, யாரு? அண்ணனா?"

"நான்தாம்மா. முதல் விசில் எங்களது. உங்களது இல்ல. நான்தான் தட்டல. எனக்குத் தெரியாது."

"அதானே பாத்தேன்! நான் பின்னால துணி காயப்போட்டுட்டு இருந்தேன்ணா, அக்கா தட்டலையே, அப்ப நம்மளதுதான்னு ஓடி வந்து தட்டினேன். ஆறு எண்ணிட்டேனே! இப்ப அணைக்கத்தான் போனேன்."

"அணைக்காதம்மா! உனக்கு அஞ்சுதான் ஆயிருக்கு."

"நல்ல காலம்! எங்க மாமனாருக்கு முந்தாநாள்தான் புதுப் பல் செட்டு வந்துச்சு. இந்தக் கறியைக் கடிச்சிருந்தாருன்னா செட்டு கறியிலயே தங்கியிருக்கும்."

கோதண்டம் கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தார். கேட்டுத்தான் ஆகவேண்டும். "ரெண்டாவதா ஒண்ணு வந்துச்சே, அது யாரோடதும்மா?"

"அது உங்களது. நான் குக்கர் முன்னாடிதான் நின்னேன், என் வெயிட்டு ஆடல. அக்கா ஏன் இன்னிக்குத் தட்ட மாட்டேங்குது, கோவமான்னு நெனச்சேன்."

"அக்கா லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போயிருக்கா."

"தெரியும்ணா, எனக்கு நேத்தே தெரியும். பருப்பு உங்க பொறுப்புன்னும் தெரியும்." அவள் குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அப்ப உங்களுக்கு இன்னும் ஒண்ணு, எனக்கு ஒண்ணு. யாருக்கு முந்தி வருதுன்னு பாக்கலாம்."

தள்ளிவைத்திருந்த இரண்டாவது வெங்காயத்தை முதல் வெங்காயத்தோடு சேர்த்து வைத்தார். கரண்டி ஸ்டாண்டிலிருந்து நீளமான கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, கொடியைப் பிடிப்பதுபோல அதைத் தோளோரம் நிமிர்த்திப் பிடித்து நின்றார். இப்போது ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்காமல் இருப்பது எவ்வளவு சுகம் என்று நினைத்தார், அதுவும் ஒரு நினைப்புத்தானே என்று அதையும் விட்டார். அடுப்பின் நீலம், மஞ்சள்தூளும் பெருங்காயமுமாக வரும் வாசனை, தகரத்துக்குள் ஏதோ குறுகுறுவென்று பேசுவது, கடைசிப் பெட்டியின் படியில் நிற்கும்போது தண்டவாளம் பேசுமே, அதே பேச்சு. வெயிட் ஒரு பக்கம் சாய்ந்தது. நடுங்கியது. எழுந்தது. விசில்! திருகினார், அணைந்தது. இரண்டே எட்டில் ஜன்னல், கம்பியில் டக் டக். அவர் அடித்த அடியில் கம்பியின் துரு உதிர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து டக் டக் என்று பதில் வந்தது. கீழ்வீட்டிலிருந்து ஒரு டக் டக். மேல்வீட்டிலிருந்து ஒன்று. மொட்டைமாடி வரைக்கும் ஏறி, தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி தரைத்தளம் வரை இறங்கிற்று அந்தச் சத்தம், நான் சத்தியம் செய்திருக்கிறேன் என்பதை மறந்துவிடாதீர்கள். கடைசியில் மேலேயிருந்து ஒரு பெண் குரல், "யாருடி அது புதுசா, இவ்ளோ பலமாத் தட்டறது?" என்றது. "எங்க அண்ணன்!" என்று சந்துக்குள் கத்தினாள் மெகர்பானு. கோதண்டம் மூன்றாவது வெங்காயத்தை மேடையில் வைத்தார். வைத்தபிறகும் கொஞ்சநேரம் அங்கேயே நின்றார், கண் எரிந்தது, வெங்காயத்தை யாரும் நறுக்கவில்லை என்றாலும்.

பன்னிரண்டு மணிக்குக் குணவதி வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நேரே அடுப்படிக்குப் போய், குக்கரைப் பார்க்கவில்லை, அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். இலங்கை அப்படியே இருந்தது, பக்கத்தில் புதுசாக எந்த நாடும் முளைத்திருக்கவில்லை. அதற்கப்புறம்தான் மூடியைத் திறந்து ஒரு பருப்பை விரலில் எடுத்து நசுக்கினாள். மெத்தென்று மசிந்தது.

"எட்டு என்னாச்சு?" என்றார் கோதண்டம்.

"ஏழே முக்கால் வரைக்கும் போட்டேன். வளைவுல கால் ஊணிட்டேன். அடுத்த மாசம் வரச் சொல்லிட்டான் அந்தப் பாவி." ஹெல்மெட்டைக் கழற்றினாள், முடியெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. "பானு போன் பண்ணுனா. சந்து முழுக்கக் கலக்கிட்டீங்களாமே?"

"பருப்பு வந்து சேர்ந்துடுச்சு," என்றார். "முழுசா."

அவள் மேடையின் ஓரத்தில் வரிசையாக நின்ற மூன்று சின்ன வெங்காயங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது என்ன என்று கேட்கப்போகிறாள், சும்மாதான் என்று சொல்லவேண்டும் என்று அவர் தயாராக இருந்தார். அவள் கேட்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள், தொட்டபோது உதடு ஒரு பக்கமாகக் கோணியது, சிரிப்பை அடக்கினால் அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

"கோலியனூருக்கு பஸ்ஸே போவுது," என்றாள். "ஸ்கூட்டர் அப்புறம் பாத்துக்கலாம். திங்கக்கிழமை வரேன்னு கீழ நின்னே அவங்களுக்குப் போன்ல சொல்லிட்டேன்."

"வந்து பருப்பைப் பாக்கறதுக்கு முந்தியேவா?"

"தட்டினீங்கன்னு பானு சொன்னப்பவே." கூடைக்குள் கையை விட்டாள். "திங்கக்கிழமை பருப்பில்ல. கொண்டைக்கடலை." இன்னும் மூன்று வெங்காயங்களை எடுத்து, அந்த மூன்றுக்குப் பக்கத்தில், வரிசை கோணாமல் ஒவ்வொன்றாக வைத்தாள். "ஆறு."

ஆறு! முப்பத்துநாலு வருஷமாகக் கிடைக்காத மெயில் வண்டியைக் கடைசியில் கொடுத்துவிட்டார்கள். கோதண்டம் முதுகை நிமிர்த்திக்கொண்டார். கரண்டி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

இதுதான் நடந்தது, கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், பூனா வரைக்கும் போனாலும் பரவாயில்லை. சொன்னது யார் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். கண் எரிந்த விஷயம் குணவதிக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் நாளை முழுக்க அதையே சொல்லிச் சிரிப்பாள், கொண்டைக்கடலையை ஊறப்போடவும் மறந்துவிடுவாள், அப்புறம் திங்கட்கிழமை மத்தியானம் பட்டினி கிடப்பது நான்தான்.